கோணலைக் காப்பவர்கள்

இடப்பாதியும் வலப்பாதியும் இம்மி பிசகாமல் ஒத்துப்போகும் ஸ்டார்ம்ட்ரூப்பர் தலைக்கவசத்தை விவரம் தெரிந்த ரசிகரிடம் காட்டினால் உதட்டைப் பிதுக்குவார். 1977இல் வெளிவந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் பேரரசின் சிப்பாயாக உலகம் பார்த்த அந்த வெள்ளை முகம் கோணலானது. களிமண்ணில் கை செதுக்கிய சாய்வு அப்படியே பிளாஸ்டிக்கில் இறங்கிவிட்டது. அதைத் திருத்தி நேராக்கியவர் அழகான பொம்மை செய்திருக்கலாம். அந்தப் படத்தின் கவசத்தைச் செய்யவில்லை என்பது ரசிகர்களின் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பை வழங்கும் அமைப்புகளில் பெரியது 501வது லீஜியன். 1997இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் தொடங்கிய ரசிகர் மன்றம் அது. இன்று 60க்கும் மேற்பட்ட நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அதன் உறுப்பினர்கள். சேருவதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, உடைதான் வேண்டும். படத்தில் வரும் ஒவ்வொரு வில்லன் தரப்பு உடைக்கும் தலைமுதல் கால்வரை பாகம் பாகமாக எழுதிய ஒரு கையேட்டை மன்றம் வைத்திருக்கிறது. விண்ணப்பிப்பவர் தன் கவசத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படம் எடுத்து அனுப்ப, அந்த வட்டாரப் பொறுப்பாளர் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். முதுகுக்குக் கீழே பெல்ட்டில் தொங்கும் குழாயின் பூட்டில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இருந்தால், ஒற்றைக் கீறல் உள்ள ஸ்க்ரூவாக மாற்றச் சொல்லிவிடுவார்கள். ஸ்டார்ம்ட்ரூப்பருக்கு அடிப்படைத் தேர்ச்சிக்கு மேலே இன்னும் இரண்டு படிகள் உண்டு. மேலே போகப்போக இப்படிப்பட்ட கெடுபிடிகளும் ஏறும்.

வேலை பார்த்து, பிள்ளை வளர்த்து, மிச்ச நேரத்தில் பிளாஸ்டிக் வெட்டும் பெரியவர்களுக்கு எதற்கு இத்தனை கறார் என்று கேட்கத் தோன்றும். கேட்கலாம். ஆனால் கவசத்தைச் சரியாகச் செய், சரியாக அடையாளம் காண் என்ற பிடிவாதம் இந்த மன்றத்தோடு பிறந்ததல்ல. அதற்கு இரண்டு நூற்றாண்டு வயது. தொடங்கி வைத்தவரும் ஒரு வகையில் ரசிகர்தான்.

லண்டன் கோபுரத்தில் இங்கிலாந்து அரசர்களைக் கவசத்தோடு மரக் குதிரைகளில் ஏற்றி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான இந்தக் காட்சி கூட்டத்தை இழுத்தது. பதினோராம் நூற்றாண்டின் வெற்றிவீரன் வில்லியம் அதில் உட்கார்ந்திருந்தது அவனுக்குச் சில நூறு ஆண்டுகள் பிந்திய தகட்டுக் கவசத்தில். அவன் காலத்தில் வளையங்களைக் கோத்த சட்டைதான் இருந்தது என்பது பார்ப்பவர்களுக்கும் தெரியாது, காட்டுபவர்களுக்கும் அக்கறையில்லை. சாமுவேல் ரஷ் மெய்ரிக் என்ற வழக்கறிஞருக்குப் பழைய ஆயுதங்களைச் சேர்ப்பதில் பைத்தியம். கல்லறைச் சிற்பங்களையும் ஓவியங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் உடைகளோடு ஒப்பிட்டு 1824இல் பெரிய நூல் ஒன்றை எழுதினார். கோபுரத்தின் வரிசை எவ்வளவு அபத்தம் என்று அது அம்பலப்படுத்தியது. 1826இல் அந்த வரிசையைத் திருத்தி அமைக்கும் பொறுப்பே அவரிடம் வந்தது. 1832இல் ‘சர்’ பட்டமும் கிடைத்தது. இந்தக் கொக்கிக்கு எந்த ஆண்டு, இந்த மடிப்புக்கு எந்த ஊர்ப் பட்டறை என்று கேட்கும் பழக்கம் ஆய்வுத் துறையாக நிலைபெற்றதில் இந்த அமெச்சூருக்குப் பெரும் பங்கு உண்டு.

அதே தலைமுறையில் கவசத்தை ஆராயாமல் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டவர்களும் இருந்தார்கள். 1839 ஆகஸ்ட்டில் ஸ்காட்லாந்தில் எக்லின்டன் பிரபு இடைக்கால வீர விளையாட்டு ஒன்றை நடத்தினார். லண்டன் வியாபாரி சாமுவேல் பிராட் கவசங்களைத் தந்தார். பழையதோடு புதியதையும் கலந்து விற்றவர் என்ற பெயர் பின்னால் அவருக்கு வந்தது. முதல் நாளே மழை கொட்டியது. குதிரையில் இருந்த லண்டன்டெரி பிரபு குடையை விரித்துக்கொண்டார். பத்திரிகைகள் சிரித்துத் தீர்த்தன. மெய்ரிக்கின் படிப்பும் எக்லின்டன் கூட்டத்தின் ஆசையும் வேறு வேறு பாதையாகவே வெகுகாலம் போயின.

இன்னும் வராத காலத்தின் உடையை அணிவது பிற்பாடு வந்தது. லிட்டன் பிரபு 1871இல் எழுதிய நிலத்தடி மக்களின் கதையை வைத்து 1891 மார்ச்சில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு விழா நடந்தது. வந்தவர்கள் கதைமாந்தர் உடையில் வந்தார்கள். நோக்கம் ஒரு மருத்துவமனைக்கு நிதி. 1939இல் நியூயார்க்கில் கூடிய முதல் உலக அறிவியல் புனைவு மாநாட்டில் ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் மிர்டில் டக்ளஸும் எதிர்கால உடையில் நடந்தார்கள். இரண்டையும் தைத்தவர் டக்ளஸ். படத்தில் பார்த்ததையும் பத்திரிகை அட்டையில் பார்த்ததையும் கலந்து தைத்த உடைகள் அவை. அங்கே யாரும் அளவுகோல் கொண்டுவரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூலம் இருந்தால்தானே அளவுகோலுக்கு வேலை?

அந்த மூலத்தைத் தந்தது 1976இன் இங்கிலாந்து. ரால்ஃப் மெக்குவாரி வரைந்த ஓவியங்களில் வெள்ளை வீரர்கள் வழவழப்பாக, கச்சிதமாக இருந்தார்கள். அவற்றை மனிதர் அணியக்கூடிய பொருளாக்க அவகாசம் மிகக் குறைவு. மார்ச்சில் துனீசியப் பாலைவனத்தில் படப்பிடிப்பு. தலைக்கவசத்தின் களிமண் மாதிரியைச் செய்தவர் நிக் பெம்பர்ட்டன் என்று பின்னாளில் நீதிமன்றம் கண்டறிந்தது. லிஸ் மூரின் கையும் அதில் உண்டு என்போர் உண்டு. தங்க நிற ரோபோவைச் செதுக்கிய அவர், படம் வெளிவருமுன்பே விபத்தில் இறந்துபோனார். உடற்கவசத்தைச் செதுக்கியவர் பிரையன் மியூர். ட்விக்கன்ஹாமில் சிறு பட்டறை வைத்திருந்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் இவற்றைப் பிளாஸ்டிக்கில் வார்த்தார். தகட்டைச் சூடேற்றித் தொய்ய விட்டு, அச்சின் மேல் இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். மலிவான, வேகமான முறை. ஐம்பது சொச்சம் தலைகளுக்கு ஏற்றது.

வேகம் தன் தடத்தை விட்டுப் போனது. கூட்டக் காட்சிக்கான தலைகளை ஒருவகைப் பிளாஸ்டிக்கில் இழுத்து மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். நெருக்கத்தில் காட்டும் சிலவற்றை வேறு பிளாஸ்டிக்கில், பெயின்ட் இல்லாமல், கண்ணாடி குமிழாகத் துருத்த அமைத்தார்கள். கன்னத்துக் கோடுகளைத் தூரிகையால் இழுத்தார்கள். ஒரு தலையின் கோடு இன்னொன்றோடு ஒத்துப்போகாது. கையில் இருந்தது பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் துப்பாக்கி, அதன் தலையில் இரண்டாம் உலகப்போர்க் கால டாங்கியின் தொலைநோக்கி. இந்த ஸ்டெர்லிங் நமக்கு அந்நியமில்லை. கான்பூரில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டு, நம் ராணுவத்தினரும் போலீஸ்காரர்களும் பல பத்தாண்டுகளாகத் தோளில் மாட்டிய ‘கார்பைன்’ அதுதான். கவசத்துக்குள்ளிருந்து பார்வை சரியாகத் தெரியாது. படத்தில் ஒரு வீரன் கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்வது அப்படியே தங்கிவிட்டது. பிற்காலப் பதிப்பில் அந்த இடிக்கு ‘டொக்’ என்று ஓசை வேறு சேர்த்தார்கள். தவறை ஒளிக்காமல் கொண்டாடிய அந்தக் குறும்பை எனக்குப் பிடிக்கும்.

இந்த அவசரத்துக்கு நடுவில் ஒரு கல்விமானும் இருந்தார். உடை வடிவமைப்பாளர் ஜான் மொல்லோ ராணுவச் சீருடைகளின் வரலாற்றாளர். சினிமாவுக்கு வந்ததே வரலாற்றுப் படங்களின் சீருடைகளுக்கு ஆலோசனை சொல்லத்தான். ஒரு பேரரசின் படை எப்படி உடுத்தும், அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் வெட்டு எப்படி மாறும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த வெள்ளைக் கூட்டம் வேடிக்கையாகத் தெரியாமல் படையாகத் தெரிந்ததில் அந்தப் படிப்புக்குப் பங்குண்டு. மொல்லோவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அவருடைய இரண்டாவது ஆஸ்கர் 1983இல், ‘காந்தி’ படத்துக்கு. பகிர்ந்துகொண்டவர் பானு அத்தையா, ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர். தனக்குப் பின் அந்தச் சிலையைப் பத்திரமாக வைத்திருப்பார்களா என்ற கவலையில் 2012இல் அதை அத்தையா ஆஸ்கர் அகாடமியிடமே ஒப்படைத்துவிட்டார். சினிமாப் பொருள்களைப் பாதுகாப்பதில் நம் நிறுவனங்கள் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

பாதுகாப்பதில் ஸ்டுடியோக்களும் யோக்கியமில்லை. படம் முடிந்தால் உடை கிடங்குக்குப் போகும். அடுத்த படத்துக்கு வேண்டுமென்றால் பெயின்ட் அடித்துத் திரும்ப வரும், இல்லாவிட்டால் சிதறும். ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசங்களும் 1980இல் வந்த இரண்டாம் படத்தில் மறுபடி வேலைசெய்தன. எத்தனை வகைத் தலை இருந்தது, எந்தக் காட்சியில் எது வந்தது என்ற கணக்கை ரசிகர்கள்தான் சேர்த்தார்கள். படத்தை ஒவ்வொரு சட்டமாக நிறுத்திப் பார்த்தும், தப்பிப் பிழைத்த அசல் பாகங்களை அளந்தும், படப்பிடிப்புப் புகைப்படங்களோடு ஒப்பிட்டும் சேர்த்த கணக்கு. மெய்ரிக் கல்லறைச் சிற்பத்தை வைத்துச் செய்த அதே வேலை. ஒரே வித்தியாசம், இவர்கள் அதைப் போட்டுக்கொண்டு தெருவிலும் இறங்குகிறார்கள். எக்லின்டன் ஆசையும் மெய்ரிக் படிப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்தது இங்கேதான்.

மன்றத்தைத் தொடங்கிய ஆல்பின் ஜான்சன் விபத்தால் ஒரு காலை இழந்தவர். உடல் முழுவதையும் மூடும் கவசம் அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். தொண்ணூறுகளின் கடைசியில் நண்பர் ஒருவரோடு கவசம் அணிந்து தியேட்டருக்குப் போனதிலிருந்து தொடங்கியது கதை. அன்று கிடைத்த பாகங்கள் முரடானவை. இன்றைய கையேட்டின் முன் தேறாது. கறார் பிற்பாடு, மெல்ல மெல்ல வந்தது.

இன்று ஒருவர் செய்வதாக இருந்தால் வார்த்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாகங்கள் ஒரு பெட்டியில் வரும். நெஞ்சு, முதுகு, வயிறு, தோள், மேற்கை, முன்கை, தொடை, கெண்டைக்கால் என்று எல்லாம் விளிம்போடு, வெட்டாமல். வெட்டுவதில்தான் ஆள் தெரிவார். ஒரு முறை அதிகமாக வெட்டினால் திரும்பாது. ஆகவே குறைவாக வெட்டு, போட்டுப் பார், மறுபடி வெட்டு. முன்கையின் இரண்டு ஓடுகளை இணைக்க மேலே ஒரு பட்டையும் உள்ளே ஒரு பட்டையும் வைத்துப் பசையிட்டு, காந்தத்தால் இறுக்கி, ஒரு நாள் காய விட வேண்டும். இடைவெளி விழுந்தால் வெட்டியெறிந்த துண்டுகளையே அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கி நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அதே பிளாஸ்டிக் என்பதால் நிறம் காட்டிக்கொடுக்காது. இடுப்பின் இடப்பக்கத்தில் ரிவெட் தெரிய வேண்டும், படத்தில் தெரிந்தது. உள்ளே எலாஸ்டிக் நாடாவும் அழுத்துப் பித்தானும் எல்லாவற்றையும் தாங்கும். இடக்காலில் மட்டும் முட்டித் தகடு. முதுகுக்குக் கீழே பெல்ட்டில் தொங்கும் ‘வெடிகுண்டு’ சாம்பல் நிற பிவிசி பைப்.

எல்லாம் மாட்டிய பிறகு உட்கார முடியாது. கீழே விழுந்ததை எடுக்க முடியாது. குழந்தைகள் மருத்துவமனைக்கோ நிதி திரட்டும் விழாவுக்கோ போகும்போது கவசமில்லாத ஒருவர் கைபிடித்து நடத்திப் போவார். இல்லாவிட்டால் குழந்தையின் மேலேயே மோதிவிடுவார்கள். இதற்கு மன்றத்தார் காசு வாங்குவதில்லை. அழைப்பவர் அறக்கொடை தந்தால் போதும். 1891இல் ஆல்பர்ட் ஹாலில் வேடம் போட்டவர்கள் இவர்களை அடையாளம் கண்டிருப்பார்கள்.

குறை சொல்லவும் இருக்கிறது. படத்துக்கான கவசம் ஏறத்தாழ ஒரே அளவு. ஒல்லியான, உயரமான ஆணுக்கானது. உலகத்து உடல்கள் அப்படியில்லை. குட்டையானவருக்குத் தொடைப்பாகத்தை நறுக்க வேண்டும். பருத்தவருக்கு நடுவில் பட்டை சேர்க்க வேண்டும். பெண்களுக்கு நெஞ்சுத் தகடே வேறு கணக்கு. உடலமைப்பைக் காரணம் காட்டி மன்றம் யாரையும் ஒதுக்குவதில்லை என்பது உண்மை. ஆனால் அளவெடுத்த அசலிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற பேச்சு ஒவ்வொரு ஆளிடமும் புதிதாக நடக்க வேண்டியிருக்கிறது. பொறுமையில்லாத பொறுப்பாளரிடம் மாட்டியவர் பிளாஸ்டிக்கோடு ஆசையையும் மூட்டை கட்டிவிடுவார். இன்னொன்று: ஒரு கொடுங்கோல் பேரரசின் சீருடையில், படைப்பிரிவும் எண்ணும் வைத்துக்கொண்டு அணிவகுப்பதில் யாருக்கும் நெருடல் இல்லையா? ஜெர்மானிய ராணுவ வெட்டு அந்தப் படத்துச் சீருடைகளில் இருப்பது மொல்லோவை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. கெட்டவர்கள் நல்லது செய்கிறோம் என்பதே தங்கள் முழக்கம் என்று சிரிப்பார்கள் மன்றத்தார். நம் தெருக்கூத்திலும் துரியோதனனுக்கு நல்ல வேடம் கட்டியவரை யாரும் சந்தேகிப்பதில்லை. இந்த விஷயத்தில் நான் மன்றத்தின் பக்கம்தான்.

சட்டம் இதையெல்லாம் எப்படிப் பார்த்தது என்பது தனிச் சுவை. ஐன்ஸ்வொர்த் தன் பட்டறை அச்சுகளிலிருந்து மறுபடி தலைக்கவசம் செய்து விற்கத் தொடங்கியதும் படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் வழக்குப் போட்டது. அவர் எதிர்வாதம் செய்யாத நிலையில் அமெரிக்க நீதிமன்றம் 2 கோடி டாலர் இழப்பீடு என்றது. இங்கிலாந்தில் வழக்கு நின்று நடந்தது. கேள்வி எளிது: தலைக்கவசம் சிற்பமா? சிற்பம் என்றால் கலைப்படைப்புக்கான நீண்ட காலப் பதிப்புரிமை. இல்லாவிட்டால் தொழிற்பொருளுக்கான குறுகிய பாதுகாப்பு. அது எப்போதோ முடிந்திருந்தது. உயர் நீதிமன்ற நீதிபதி மான் செங்கற்களை உதாரணம் காட்டினார். கலைக்கூடத்தில் இரண்டு வாரம் அடுக்கிவைத்தால் சிற்பமாகக்கூடிய செங்கல் குவியல், வீடு கட்டுவதற்காகத் தன் வீட்டு வாசலில் கொட்டிக்கிடந்தால் சிற்பமாகாது என்றார். 2011 ஜூலை 27 அன்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றமும் தலைக்கவசம் சிற்பமல்ல, படம் எடுக்கும் வேலையில் பயன்பட்ட பொருள் என்று முடித்தது. அமெரிக்கப் பதிப்புரிமையை ஐன்ஸ்வொர்த் மீறினாரா என்பதை மட்டும் இங்கிலாந்து நீதிமன்றமே விசாரிக்கலாம் என்றது. வடிவத்தை உருவாக்கியது தான்தான் என்று ஐன்ஸ்வொர்த் சொன்னதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. பெம்பர்ட்டன் பெயரும் மியூர் பெயரும் சட்டப் பதிவேட்டில் ஏறியது இந்த வழக்கால்தான்.

தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் கலையல்ல என்று ஒதுக்கிய பொருளின் ஒவ்வொரு மடிப்பையும் ஆயிரக்கணக்கானோர் கலைப்பொருளுக்குரிய கவனத்தோடு அளந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கவனத்தின் பலனைக் கடைசியில் ஸ்டுடியோவும் அனுபவித்தது. 2007 புத்தாண்டு நாளில் பாசடேனாவின் ரோஸ் பரேடில் முதல் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தலைமை விருந்தினராகப் போனபோது அவருக்காக அணிவகுத்தது ஏறக்குறைய 200 மன்ற உறுப்பினர்கள். 2019இல் வெளிவந்த ‘தி மாண்டலோரியன்’ தொடரின் முதல் பருவ இறுதிக்குப் போதுமான கவசம் தயாரிப்பாளர்களிடம் இல்லை. மன்றத்துக்குப் போன் போனது. உறுப்பினர்கள் தங்கள் கவசத்தோடு வந்து நின்றார்கள். அசலைப் பார்த்துச் செய்த நகல், அசலுக்குள்ளேயே போய்விட்டது. இனி எதிர்காலத்து ரசிகர் ஒருவர் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அளவெடுத்தால், அவர் அளப்பது 1976இன் பட்டறையை அல்ல, முன்னொரு ரசிகரின் வீட்டு கராஜை. கோபுரத்தின் குதிரை வரிசையைக் குழப்பியது இதே போன்ற கலப்புதான்.

இப்போது முப்பரிமாண அச்சு வந்துவிட்டது. அடுக்குக் கோடு தெரியாமல் தேய்த்துவிட்டால் மன்றம் ஏற்றுக்கொள்கிறது. வார்த்த பாகங்களை வாங்க வசதியில்லாதவருக்கு அது நல்ல கதவு. ஆனால் கணினியில் ஒரு பாதியைச் செய்து மறுபாதியைப் பிரதியெடுப்பது சுலபம். 2015இலிருந்து வந்த புதிய படங்களின் கவசங்களே அப்படிச் சீராகிவிட்டன. பழைய கோணலின் காரணம் தெரியாத தலைமுறை அதைப் பிழை என்று திருத்தத்தான் பார்க்கும்.

ஆகவே மன்றத்தாருக்கு ஒரு கோரிக்கை. கையேட்டின் ஒவ்வொரு விதிக்கும் கீழே ஆதாரத்தை எழுதுங்கள்: இது திரையில் தெரிந்தது, இது தப்பிப் பிழைத்த கவசத்தில் அளந்தது, இது நம் ஊகம், இது நம்மவரே செய்து படத்துக்குத் தந்தது. முதல் பக்கத்தில் பெம்பர்ட்டன், மூர், மியூர், ஐன்ஸ்வொர்த், மொல்லோ ஆகியோர் பெயர்களைப் போடுங்கள். கருத்து வேறுபாடு இருக்கும் இடத்தில் வேறுபாட்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஸ்க்ரூவின் தலைக் கீறலுக்கு ஒரு வரி ஒதுக்கும் கையேட்டில் அவர்களுக்கு ஒரு பக்கம் இடம் இருக்கும்.